புதன்கிழமை லியோன்ஸ்

எங்க அத்தான் லியோன்ஸைப் பத்தி இன்டர்நெட்டுல நிறைய எழுதியிருக்காங்களாம். எந்தெந்த நாட்டுக்காரங்களோ எழுதியிருக்காங்க. இப்படியொரு மனுஷனைப் பாத்ததே இல்லைன்னு ஒருத்தர், பிரிஞ்சு வரும்போது அழுதுட்டேன்னு இன்னொருத்தர். அதுல எத்தனையோ பேர் பாத்தது எங்க அத்தானையே இல்லை. அதைச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன். இந்த ஒடீலுக்கு மூக்கு மேல கோபம்னு ஊர்ல சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

லியோன்ஸ் என் அக்கா ஜனீனோட புருஷன். பிரான்ஸ்ல சர்லா டவுனுக்கு மேற்க, ஆத்தைப் பாத்த மேட்டுல எங்க ஊரு. அவரு வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு தோட்டம், ஒரு கோழிக்கூடு, அவ்வளவுதான். புகையிலை போட்ட மனுஷன். புகையிலை வாங்க ஆளில்லாம போனதும் அதையெல்லாம் அழிச்சிட்டு வால்நட் மரம் வெச்சாரு. பேச்சு அவருக்கு வராது. கல்யாணம் ஆன புதுசுல எங்கக்கா என்கிட்ட வந்து, "ஏன்டி, இவருக்கு என்மேல கோபமா?"ன்னு கேட்டா. கோபமும் இல்லை ஒண்ணும் இல்லை. உழுதுட்டு வந்து உக்காந்து சூப் குடிச்சு, தட்டுல ஒயினை ஊத்திக் குடிச்சு, தூங்கப் போயிடுவாரு. அதுதான் அவரோட சம்பாஷணை.

அந்தத் தட்டுல ஒயின் ஊத்துறதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். எங்க பக்கத்துல அதுக்கு ஷப்ரோல்னு பேரு. சூப் முழுசையும் குடிச்சிடக் கூடாது, அடியில கொஞ்சம் சூடா விட்டு வெக்கணும். ஸ்பூனைக் குப்புறப் போட்டு, அதோட முதுகு மறையுற வரைக்கும் சிவப்பு ஒயினை ஊத்தணும். ரெண்டு கையாலயும் தட்டைத் தூக்கி ஒரே மூச்சுல குடிச்சிட்டு வாயைத் துடைச்சுக்கணும். எங்க அப்பா குடிச்சாரு, அவங்கப்பா குடிச்சாரு. எங்கக்காவுக்கு மட்டும் அதைக் கண்டா ஆகாது. டவுன்ல இருந்து யாராவது சாப்பிட வந்தா, "இன்னைக்கு மட்டும் அந்தப் பன்னி வேலை வேண்டாம், உங்களுக்குப் புண்ணியமா போகும்"னு வாசல்லயே சொல்லி வெச்சிடுவா. அவரும் தலையை ஆட்டிட்டு, விருந்தாளி போனப்புறம் சமையக்கட்டுல நின்னு குடிப்பாரு.

அக்கா செத்தப்புறம் அவரு உக்காந்து சாப்பிடுறதையே விட்டுட்டாரு. அடுப்புக்கிட்டயே நின்னு, பாத்திரத்தோட தின்னுட்டு, கழுவி வெச்சிட்டுப் போயிடுவாரு. பதினாலு பேர் உக்காரலாம் அந்த மேசையில. தூசி படிஞ்சு கிடந்துச்சு. நான் கூப்பிட்டுப் பாத்தேன், என் வீட்டுக்கும் வர மாட்டேன்னுட்டாரு. இப்படியே போனா ஒருநாள் அடுப்பாண்டையே விழுந்து கிடப்பாருன்னு நான் பயந்துக்கிட்டிருந்தேன்.

அப்போதான் கொரீன் வந்தா. அவங்களுக்கு ஒரே பொண்ணு. போர்தோ நகரத்துல டிராவல் ஆபீஸ்ல இருந்தவ. புருஷனோட ஒத்து வரலைன்னு பிரிஞ்சு, ஒரு பெட்டியோட வந்து நின்னா. கெட்டிக்காரி, அதை நான் எப்பவும் சொல்லுவேன். ஒரு வருஷம்கூடக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கலை. சின்ன வேன் ஒண்ணு எடுத்தா, சொந்தமா டூர் நடத்த ஆரம்பிச்சா. கும்பல் கும்பலா பஸ்ஸுல வர்றவங்க இல்லை, ஒரு தடவைக்கு எட்டே பேர். வாரம் முழுக்கக் கோட்டை, குகை, ஆத்துல படகு. புதன்கிழமை காலையில சர்லா சந்தை, மத்தியானம் ஒரு குடியானவன் வீட்டுல சாப்பாடு. அந்தக் குடியானவன் யாருன்னு கேக்கவா வேணும்.

"அப்பா பாவம், தனியா இருக்காரு சித்தி. நாலு பேர் வந்து போனா நல்லதுதானே"ன்னு என்கிட்ட சொன்னா. மனசாரத்தான் சொன்னா. சமையல் என் தலையில விழுந்துச்சு. பூண்டு சூப்பு, வாத்து, வாத்துக் கொழுப்புல வறுத்த உருளைக்கிழங்கு, வால்நட் கேக்கு. நானும் சரின்னேன்.

முதல் புதன்கிழமை நடந்ததை இன்னைக்கு நினைச்சாலும் சிரிப்பு வருது. எட்டு பேரும் வந்து மேசையைச் சுத்தி உக்காந்தாங்க. இவரு மேசைத் தலைப்பக்கத்து நாற்காலியில, வைக்கோல் பொம்மை மாதிரி. ஒரு வார்த்தை பேசலை. கொரீன் பாவம், தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லிக்கிட்டு, வேர்த்துப் போனா. சூப்பு முடிஞ்சுது. இவரு என்ன நினைப்புல இருந்தாரோ, ஸ்பூனைக் குப்புறப் போட்டு, ஒயினை ஊத்தி, தட்டைத் தூக்கிட்டாரு. நான் மேசைக்கு அடியில காலால எத்தினேன். அதுக்குள்ள குடிச்சு முடிச்சு, வாயைத் துடைச்சாச்சு. எல்லாரும் இவரையே பாக்குறாங்க. இவரு முகம் செவந்து போச்சு. பெரிய தப்புப் பண்ணிட்ட மாதிரி தட்டைக் கீழ வெச்சாரு.

அப்புறம் பாத்தா கைதட்டுறாங்க. ஒருத்தரு எழுந்து நின்னு, திரும்பப் பண்ணச் சொல்லி போட்டோ எடுக்குறாரு. "என்னவாம் இவங்களுக்கு?"ன்னு அத்தான் கொரீனைக் கேட்டாரு. "உங்களை ரொம்பப் பிடிச்சிருக்காம் அப்பா"ன்னா. அவருக்கு நம்ப முடியலை. அவங்க ஒவ்வொருத்தருக்கும் தட்டுல ஊத்திக் காட்டினாரு. ஒரு அம்மா தட்டைத் தூக்குறேன்னு பாதியை மடியில கொட்டிக்கிட்டா. அதுக்கு அத்தான் சிரிச்சாரு பாருங்க, எங்கக்கா போனதுக்கப்புறம் அவரு சிரிச்சு நான் கேட்டது அன்னைக்குத்தான்.

அதுலேர்ந்து மனுஷன் மாறிட்டாரு. புதன்கிழமைன்னா விடிஞ்சதும் முகச்சவரம். கொரீன் சர்லாவுல டூரிஸ்ட் கடையில ஒரு கறுப்புத் தொப்பி வாங்கிட்டு வந்து தலையில கவுத்தா. அந்த மாதிரித் தொப்பியை அவரு வாழ்நாள்ல போட்டதில்லை. விவசாயச் சங்கத்துல ஓசியா குடுத்த பச்சைத் தொப்பிதான் அவருக்கு. "நான் என்ன கூத்தாடியா?"ன்னு முணுமுணுத்தாரு, ஆனா போட்டுக்கிட்டாரு. வாயும் திறந்துச்சு. புகையிலைக் கணக்குப் பாக்க வந்த அதிகாரியை ஏமாத்தின கதை, ஆத்து வெள்ளத்துல மாட்டை மீட்ட கதைன்னு எங்களுக்கே தெரியாத கதையெல்லாம் வந்துச்சு.

ஒருநாள் யாரோ கேட்டாங்க, உங்க மனைவி எங்கேன்னு. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவரு அக்காவை முதல்ல பாத்த கதையைச் சொன்னாரு. அப்போல்லாம் குளிர்காலத்துல ஒவ்வொரு வீட்டுலயும் கூடி வால்நட் உடைப்போம். மடியில ஒரு கல்லை வெச்சுக்கிட்டுச் சின்னச் சுத்தியால தட்டணும். இவரு அக்கா பக்கத்துல உக்காந்து, உடைச்ச பருப்பை எடுக்குற சாக்குல கையை நீட்டியிருக்காரு. அவ சுத்தியால கட்டை விரல்ல ஒண்ணு போட்டா. அதைச் சொல்லி, விரலைத் தூக்கிக் காட்டினாரு. நகம் இன்னும் கோணல்தான். கொரீன் அந்தக் கதையை அதுவரைக்கும் கேட்டதே இல்லை. மொழிபெயர்த்துச் சொல்லும்போதே குரல் உடைஞ்சு அழுதுட்டா. மேசையில எல்லாரும் அழுதாங்க. நானும்தான் அழுதேன், வெங்காயம்னு சொல்லிக்கிட்டேன்.

அடுத்த வாரம் கொரீன் அதுல ஒரு கைக்குட்டையைச் சேத்தா. ஜனீன் தன்னோட கைக்குட்டையைக் கிழிச்சு விரல்ல கட்டினாளாம். நான் அன்னைக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கைக்குட்டையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. "கையை எங்க வைக்கிறோம்னு பாத்து வைக்கணும்"னு சொல்லிட்டு அடுத்த கொட்டையை எடுத்தா எங்கக்கா. ஆனா அத்தானும் ரெண்டு வாரத்துல கைக்குட்டையோடயே சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. கேக்குறவங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சு. டூர் புத்தகத்துல 'லியோன்ஸின் மேசை'ன்னு போட்டோவோட அச்சடிச்சாங்க. போட்டோவுல தட்டுதான் தெரிஞ்சுது, தட்டுக்கு மேல அந்தத் தொப்பி.

இப்படியே நாலு வருஷம் ஓடுச்சு. கடைசி வருஷம் செப்டம்பர்ல, விருந்தாளிங்க வேன்ல ஏறினதும், அத்தான் கை ஆட்டிக்கிட்டே வாசப்படியில சரிஞ்சாரு. கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா எங்களைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க, கல்லீரல் போச்சு, இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் நான் பொறுப்பில்லைன்னு. குளிர்காலம் முழுக்கக் கொரீன்தான் பாத்துக்கிட்டா. ராத்திரி எழுந்து துணி மாத்தி விட்டது, உப்பில்லாத சாப்பாட்டை ஊட்டினது எல்லாம் அவதான். அதையும் சொல்லிடணும், இல்லைன்னா நான் ஓரவஞ்சனை பண்ணினதா ஆகும்.

ஏப்ரல்ல டூர் திரும்ப ஆரம்பிக்கணும். அத்தான் துரும்பா இளைச்சிருந்தாரு, ஆனா எழுந்து நடமாடினாரு. முதல் புதன்கிழமைக்கு முன்னாடி மூணு பேரும் உக்காந்து பேசினோம்.

"தட்டுல திராட்சை ஜூஸை ஊத்திக்கோங்கப்பா. பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்"னா கொரீன்.

அத்தான் அவளை ஏற இறங்கப் பாத்தாரு. "சூப்புல ஜூஸா?"

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். எங்கப்பன் உக்காந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டுச் சூப்புல ஜூஸ் ஊத்தினேன்னா, அந்தாளு குழியில இருந்து எழுந்து வந்து அறைவான்."

"அப்போ நான் என்னதான் பண்றது?"

"நான் சும்மா உக்காந்து கதை சொல்றேன். ஷப்ரோலை நல்ல ஈரல் உள்ளவன் எவனாவது வந்து பண்ணட்டும்."

அவரு வாயாலயே சொன்னாரு. எந்த ஊர்க்காரன் இப்படி ஒரு வீம்புக்கு மாட்டுவான், சொல்லுங்க. ஜூஸை முழுங்கியிருந்தா அவரு நாற்காலி அவருக்கே இருந்திருக்கும். எங்க ஆளுங்க புத்தி அப்படி. கழுத்தை அறுத்தாலும் சூப்புல ஜூஸ் ஊத்த மாட்டாங்க.

நல்ல ஈரல் உள்ளவனைக் கொரீன் கண்டுபிடிச்சா. அடுத்த ஊர் உர்பேன். தபால்காரனா இருந்து ரிட்டையர் ஆனவன். வீடு வீடா தபால் குடுத்து, வீடு வீடா ஒரு கிளாஸ் ஏத்திக்கிட்டு, எழுபத்தஞ்சு வயசுலயும் கல்லு மாதிரி இருக்கான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். ஊர்த் திருவிழா நாடகத்துல பாதிரியார் வேஷம் எப்பவும் அவனுக்குத்தான். முதல் புதன்கிழமை வந்தான். அத்தானை மாடியிலயே இருக்கச் சொல்லிட்டு, கொரீன் அந்தக் கறுப்புத் தொப்பியை அவன் தலையில வெச்சா, மேசைத் தலைப்பக்கத்து நாற்காலியைக் காட்டினா. வந்தவங்ககிட்ட அவன் தோள்ல கை வெச்சு, "லியோன்ஸ்"னு சொன்னா. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, பேரு தெரியும்.

நான் அவளை அடுப்புக்கிட்ட இழுத்தேன். "யாருடி இவன்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க சித்தி. உர்பேன்."

"அதை அவங்ககிட்ட சொன்னா உன் வாய் வெந்து போயிடுமா?"

"புத்தகத்துல லியோன்ஸ்னு இருக்கு. லியோன்ஸைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வர்றாங்க."

"அப்போ மாடியில இருக்கிறது யாரு?"

"மெதுவா பேசுங்க. அவருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னா இவங்க முகம் வாடிடும். லீவுக்கு வந்தவங்க. இந்த ஒரு வேளைச் சாப்பாடு இல்லைன்னா யாரும் என் டூருக்கு வரப் போறதில்லை, அது உங்களுக்கும் தெரியும்."

"சரி, அவர் சும்மா உக்காந்து கதை சொல்றேன்னாரே, அது?"

"ரெண்டு லியோன்ஸை எப்படி சித்தி உக்கார வைக்கிறது?"

கரண்டியைப் போட்டுட்டுப் போயிருப்பேன். ஆனா நான் போனா மாடிக்குச் சாப்பாடு கொண்டு போறது யாரு? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். சாயங்காலம் வேன் போனதும் மேலே போனேன். அவரோட படுக்கை சமையக்கட்டுக்கு நேர் மேல. பலகைத் தரை, கீழ தும்மினா மேல கேக்கும்.

"அவனை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டா?"ன்னாரு.

"காதுல விழலையா அத்தான்?"

"விழுந்துச்சு. அதான் கேக்குறேன்."

நான் தட்டை எடுத்து வெச்சேன். அவரே, "குடிக்கும்போது சத்தம் ஜாஸ்தி போடுறான். மாடு தண்ணி குடிக்கிற மாதிரி. அப்படிக் குடிக்கக் கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லு"ன்னாரு.

"நீங்க ஏன் சும்மா இருக்கீங்க? உங்க வீடு, உங்க மேசை. இறங்கி வந்து ஒரு வார்த்தை கேளுங்க."

"அவ பொழைப்பும்மா அது"ன்னாரு. "எனக்கப்புறம் அவளுக்கு வேற என்ன இருக்கு?"

அப்படியே ரெண்டு மாசம் பொறுத்துக்கிட்டாரு. புதன்கிழமை மத்தியானம் படுக்கையில உக்காந்து, தன் கதையைத் தானே கேட்டுக்கிட்டிருப்பாரு. அதிகாரியை ஏமாத்தின கதையில உர்பேன் ஒரு நாயைச் சேத்தான். "நாய் நல்லாத்தான் இருக்கு"ன்னு என்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. மாடு வெள்ளத்துல போன கதையில மாடு ரெண்டாச்சு. அதுக்கும் ஒண்ணும் சொல்லலை. ஆனா ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா சாப்பாட்டை மிச்சம் வெச்சாரு. சவரம் பண்ணிக்கிறதையும் விட்டுட்டாரு.

ஜூன் மாசம் ஒரு புதன்கிழமை. ஆஸ்திரேலியாவுல இருந்து எட்டு பேர். எல்லாம் நல்ல ஜனங்க, அதுல ஒரு அம்மா பள்ளிக்கூட டீச்சரா இருந்தவங்க, கொஞ்சம் பிரெஞ்சு பேசினாங்க. என்னை வந்து கட்டிப் பிடிச்சு, பூண்டு சூப்பு எப்படிப் பண்றதுன்னு கேட்டாங்க. ஷப்ரோல் ஆச்சு, கைதட்டல் ஆச்சு. அப்போ அந்த டீச்சரம்மாதான் கேட்டாங்க, "நீங்க தனியாவா இருக்கீங்க?"ன்னு.

உர்பேன் தொப்பியைக் கழட்டி மடியில வெச்சான். குளிர்காலம், வால்நட், சுத்தியல், கட்டை விரல், கைக்குட்டை. எல்லாத்தையும் சொன்னான். அந்தக் கதை அவனுக்கு எப்படித் தெரியும்? யாரு சொல்லிக் குடுத்திருப்பா, கொரீனைத் தவிர? "என் ஜனீன்"னான். அதைச் சொல்லும்போது அவன் கண்ணுல நிஜமாவே தண்ணி. அவன் பொண்டாட்டி கோலெத் அந்த நேரம் சர்லாவுல தலைக்குச் சாயம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா, இங்க இவன் எங்கக்காவுக்காக அழுறான். கொரீன் பக்கத்துல நின்னு ஒண்ணு விடாம மொழிபெயர்த்தா. அப்பன் சொன்னப்போ அழுதவளுக்கு இப்போ குரல் ஆடவே இல்லை. குகையில எந்தச் சித்திரம் எத்தனை வருஷம் பழசுன்னு சொல்ற அதே குரல்.

அப்போ மாடிப்படியில காலடிச் சத்தம் கேட்டுச்சு.

மெதுவாத்தான் இறங்கினாரு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு. வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டியிருந்தாரு. முகத்துல ஒரு வாரத் தாடி. கீழ வந்து நின்னு மேசையைப் பாத்தாரு. காலியா இருந்த நாற்காலியையெல்லாம் இடைஞ்சல்னு கொரீன் கொட்டகைக்கு அனுப்பிட்டா. நான் அடுப்புக்கிட்ட இருந்த முக்காலியைக் கொண்டுபோய் மேசை ஓரத்துல போட்டேன். உக்காந்தாரு. உர்பேன் உருளைக்கிழங்கு தொண்டையில மாட்டினவன் மாதிரி முழிச்சான்.

"அப்பா"ன்னா கொரீன், மூச்சுக்குள்ள.

"உங்கப்பா யாருன்னு சொல்லு அவங்களுக்கு"ன்னாரு. சத்தம் போடலை. சூப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுன்னு சொல்ற மாதிரிதான் சொன்னாரு.

வந்தவங்க எல்லாரும் சிரிச்ச முகமா அவளைப் பாத்தாங்க. அவ தொண்டையைக் கனைச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல என்னமோ சொன்னா. சின்னதாத்தான் சொன்னா. எல்லாரும் "ஓ"ன்னு தலையை ஆட்டினாங்க. ஒருத்தரு எழுந்து வந்து அத்தானுக்குக் கைகூடக் குடுத்தாரு. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளுந்துச்சு. சொல்லிட்டா போலிருக்குன்னு நினைச்சேன். அத்தானும் அப்படித்தான் நினைச்சிருக்கணும். அந்தக் கையை விடாம பிடிச்சுக்கிட்டிருந்தாரு.

டீச்சரம்மா அவரு பக்கமா குனிஞ்சு, நிறுத்தி நிறுத்தி பிரெஞ்சுல சொன்னாங்க. "லியோன்ஸோட அண்ணனா நீங்க? உங்க தம்பி வீட்டுலயே இருக்கீங்களாம். ரொம்ப சந்தோஷம். இப்படிப்பட்ட தம்பி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

அத்தான் கையை மெல்ல எடுத்துக்கிட்டாரு. மகளைப் பாத்தாரு. அவ கேக்கை வெட்ட ஆரம்பிச்சிருந்தா, தலை நிமிரலை. அவரு காத்திருந்தாரு. நானும் காத்திருந்தேன். ஒரு துண்டு வெட்டினா, ரெண்டு துண்டு வெட்டினா.

"ஆமாங்க"ன்னாரு டீச்சரம்மாகிட்ட. "நான்தான் மூத்தவன்."

அப்புறம் உர்பேன் பக்கம் திரும்பினாரு. "தம்பி, உன் ஜனீனுக்குக் கண்ணு என்ன நிறம்? எனக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் வரலை."

டீச்சரம்மா ஆர்வமா அதை மத்தவங்களுக்குச் சொன்னாங்க. எல்லாரும் உர்பேனைப் பாத்தாங்க. உர்பேன் கொரீனைப் பாத்தான். பாவி, அவ முகத்தைப் பாத்தாலே போதுமே, பதில் அதுல இருக்கு. எங்கக்காவுக்கு இளம் பழுப்புக் கண்ணு. அச்சுப் பிசகாம அதே கண்ணுதான் கொரீனுக்கும். ஆனா அவ குனிஞ்சிருந்தா.

"நீலம்"னான் உர்பேன். அவனுக்கே போதலை போலிருக்கு, "ஆத்துத் தண்ணி மாதிரி நீலம்"னு சேத்தான்.

டீச்சரம்மாவுக்கு அது புரிஞ்சிடுச்சு. மத்தவங்க கொரீன் சொல்றதுக்காகக் காத்திருந்தாங்க. கேக் வெட்டின கத்தி நின்னுச்சு. இதையாவது சொல்ல மாட்டா, இதுக்கு வாய் வராதுன்னு நினைச்சேன். அவ பெத்த தாயில்லையா? தினமும் காலையில கண்ணாடியில பாக்குற கண்ணில்லையா?

"ப்ளூ"ன்னா கொரீன்.

அந்த வார்த்தை அவங்க பாஷையிலயும் எங்க பாஷையிலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அந்த அறையில அது புரியாத ஆளே இல்லை. டீச்சரம்மா நெஞ்சுல கை வெச்சுக்கிட்டாங்க.

அத்தான் மேசையை ஊனி எழுந்தாரு. "கேக்கைக் குடும்மா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க"ன்னாரு. மாடிக்குப் போகலை. சமையக்கட்டுப் பின்வாசல் வழியா வெளியே போனாரு. நான் ஏப்ரனைக் கழட்டி அடுப்பு மேல போட்டுட்டு அவரு பின்னாடியே போனேன். தோட்டத்தைத் தாண்டி, கோழிக்கூட்டைத் தாண்டி, என் வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டிருந்தாரு. அக்கா செத்தப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் வராத மனுஷன், "உன் வீட்டுல ஒரு கட்டில் இருக்குமா ஒடீல்?"னு கேட்டாரு. என் பையன் படுத்த அறையைத் திறந்து விட்டேன். அதுக்கு ஜன்னல் ரோட்டுப் பக்கம் இல்லை, வால்நட் தோப்புப் பக்கம். அதையே போதும்னாரு.

கொரீன் அன்னைக்கு வரலை, மறுநாளும் வரலை. நான் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு கிளம்பினேன். அத்தான் தடுத்தாரு. "அவளா வரட்டும்"னாரு. தினமும் வாசப் பக்கம் நாற்காலியைப் போட்டு உக்காந்தாரு. யார் வர்றாங்கன்னு பாக்கலைன்னு என்கிட்ட சொல்லிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தாரு. மருந்து ஒழுங்கா சாப்பிட்டாரு. நான் குடுத்த உப்பில்லாக் கஞ்சியை மிச்சம் வெக்காம குடிச்சாரு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தா. கையில அவரோட துணிப்பை, மருந்துச் சீட்டு எல்லாம். அழுதிருக்கான்னு முகத்துலயே தெரிஞ்சுது. நான் உள்ள போகலை, கதவாண்டயே நின்னேன். என் வீடு, நான் நிப்பேன்.

"வீட்டுக்கு வாங்கப்பா"ன்னா.

அவரு கட்டில்ல உக்காந்தபடியே அவளைப் பாத்தாரு.

"நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்க. எட்டு பேர் முன்னாடி, இத்தனை நேரம் சொன்னதெல்லாம் பொய்னு எப்படிச் சொல்ல முடியும்? நாளைக்கு ஒருத்தர் வருவாங்களா? நீங்கதானே சொன்னீங்க, வேற ஆளை உக்கார வைன்னு. அப்போ ஒத்துக்கிட்டு இப்போ என்னைக் குத்தம் சொன்னா எப்படி?"

"உன்னைக் குத்தம் சொல்லலை."

"அண்ணன்னு சொன்னதுக்குத்தானே இவ்வளவும்?"

"இல்லை"ன்னாரு. "என்னை அண்ணன்னு சொன்னே, மாமன்னு சொல்லியிருந்தாலும் சரின்னுதான் இருந்திருப்பேன். பொழைப்புன்னா அப்படித்தான். உங்கம்மா கண்ணு பழுப்புன்னு சொல்லியிருக்கலாமேடா கண்ணு. அதனால எந்த டூர் நின்னுடப் போகுது?"

கொரீன் துணிப்பையைக் கட்டில் மேல வெச்சா. வெச்ச கையை எடுக்காம கொஞ்ச நேரம் நின்னா. எதாவது சொல்லுவான்னு அவரு அவ முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"காலையில சீக்கிரம் கிளம்பணும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. மறுநாள் புதன்கிழமை.